இரண்டு துளைகள்: பழைய ரயில் பெட்டிகளை மீட்பவர்களிடம் நாம் கற்க வேண்டியது



பழைய ரயில் பெட்டிகளைச் செப்பனிடுகிறவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது மன்றச் செயலாளர் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இலக்கிய மன்றத்தில் ரயில் பெட்டிக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. நினைத்திருப்பார். உங்களில் பலரும் நினைப்பீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த ஐயா எழுத்தாளர் மட்டுமல்ல. ரயில்வே பணிமனை ஒன்றில் முப்பது ஆண்டுகள் தச்சு வேலை பார்த்தவர். பழைய மரத்துண்டு எது கையில் கிடைத்தாலும் முதலில் அதிலிருக்கும் துளைகளைத்தான் பார்ப்பார். இது கீல் இருந்த இடம், இது தாழ்ப்பாள், இங்கே ஒரு கொக்கி இருந்திருக்கிறது, அதில் கனமாக எதையோ தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். மரத்தின் வரலாறு அதன் துளைகளில் இருக்கிறது என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். சமூகவியல் வகுப்பில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் இன்றைய உரை சில துளைகளைப் பற்றியது. அவை அமெரிக்காவின் பழைய ரயில், டிராம் பெட்டிகளில் இருப்பவை. அங்கே தொடங்கி நம் ஊருக்கு வருகிறேன்.

கூலி வாங்காத வேலைக்காரர்கள்

அமெரிக்காவில் பழைய ரயில் பெட்டிகளையும் டிராம்களையும் காப்பாற்றியது பெரும்பாலும் அரசாங்கம் அல்ல. சாதாரண ஆட்கள் கைக்காசு போட்டுத் தொடங்கிய வேலை அது. 1939ஆம் ஆண்டு மெய்ன் மாநிலத்தில் டிராம் பிரியர்கள் சிலர் சேர்ந்து, கழித்துக்கட்டப்படவிருந்த 31ஆம் எண் டிராம் ஒன்றை 150 டாலருக்கு வாங்கினார்கள். அதுதான் இன்று சீஷோர் டிராம் அருங்காட்சியகமாக வளர்ந்து நிற்கிறது. 1953இல் பத்துப் பேர் ஆளுக்கு நூறு டாலர் போட்டு இண்டியானா ரயில்ரோடின் 65ஆம் எண் பெட்டியை வாங்கினார்கள். அது இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகத்தின் தொடக்கம். இவை போல நாடெங்கும் பல உண்டு.

இவற்றில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஓய்வுபெற்ற எந்திரப் பணியாளர், பள்ளி ஆசிரியர், மின்பணியாளர், கணக்கர் எனப் பலதரப்பட்டவர்கள். சனிக்கிழமை காலையில் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து, கொட்டகைக்குள் நுழைந்து, மாலைவரை துரு சுரண்டுகிறார்கள். கூலி கிடையாது. ஒரு பெட்டியை முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். வேலையைத் தொடங்கியவர் அது முடிவதைப் பார்க்காமலே இறந்துபோவதும் உண்டு.

அவர்களிடம் வந்து சேரும் பெட்டிகளின் கோலத்தையும் சொல்ல வேண்டும். ஓட்டம் நின்ற டிராம்களில் சக்கரத்தையும் மோட்டாரையும் கழற்றி இரும்புக்கு விற்றுவிட்டு, வெறும் உடலைக் குடியானவர்களுக்கும் மற்றவர்களுக்கும் விற்றார்கள். கோழிக்கூண்டாக, விறகுக் கொட்டகையாக, கோடைக்காலக் குடிசையாக நாற்பது ஐம்பது ஆண்டுகள் கிடந்தபின் சில உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அந்த நிலையிலிருந்துதான் வேலை தொடங்குகிறது.

மீட்பது என்றால் என்ன

நம் ஊரில் பழைய பொருளைப் புதுப்பிப்பது என்றால் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது என்று நினைக்கிறோம். கோயில் கோபுரம் முதல் மரப்பெட்டி வரை அதுதான் நம் வழக்கம். மீட்பது வேறு. அதில் முதல் வேலை எதையும் கழற்றாமல் படம் எடுப்பது. பிறகு கழற்றும் ஒவ்வொரு திருகுக்கும் சட்டத்துக்கும் சீட்டுக் கட்டி, எங்கிருந்து வந்தது என்று எழுதிவைப்பது. அதன்பின்தான் கருவியைக் கையில் எடுக்கிறார்கள்.

மரப்பெட்டியின் எதிரி தண்ணீர். அந்தக் காலப் பெட்டிகளின் கூரை, பலகை அடுக்கி அதன்மேல் கித்தான் விரித்துப் பெயிண்ட் பூசியது. கித்தான் கிழிந்த இடத்தில் மழை இறங்கி, மூலைத் தூண் வழியாகக் கீழே வந்து, அடிச்சட்டத்தை உளுத்துப்போகச் செய்யும். இரும்புப் பெட்டியானால் சன்னலுக்குக் கீழே, தண்ணீர் தங்கும் மடிப்புகளில் துரு பிடிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். வெப்பம் காக்கச் சுற்றிய இடத்தில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அதே இன மரத்தால் ஒட்டுப்போடுகிறார்கள். முழுச் சட்டத்தையும் மாற்றுவது கடைசி வழி. புதிதாகச் சேர்த்த துண்டில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் அதைச் சேர்த்த ஆண்டைப் பொறித்துவைப்பது நல்ல பழக்கம். எது பழசு, எது நாம் செய்தது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

பெயிண்ட் விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து உப்புத்தாளால் வட்டமாக மெல்லத் தேய்க்கிறார்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்க்கும்போது, ஒவ்வொரு காலத்தில் அடித்த வண்ணமும் ஒரு வளையமாகத் தெரியும். வெட்டிய மரத்தில் வயது தெரிவது போல. நடுவில் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறம். வெளி ஓரத்தில் கடைசி நாளின் நிறம்.

அந்த வளையங்களைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழுகிறது. இந்தப் பெட்டியை எந்த ஆண்டுக்குத் திருப்பப் போகிறோம்? பெட்டி ஐம்பது ஆண்டுகள் ஓடியிருக்கும். நடுவில் விளக்கு மாறியிருக்கும், இருக்கை மாறியிருக்கும், கதவு இடம் மாறியிருக்கும். எல்லா ஆண்டுகளையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பழையதை அப்படியே மீட்டோம் என்று சொல்கிறவரிடம் எந்தப் பழையது என்று கேட்க வேண்டும். மீட்பு என்பது ஒரு தேர்வு. தேர்வு என்றாலே அங்கே அரசியல் இருக்கிறது.

பெரும்பாலும் எல்லோரும் விரும்புவது பெட்டி மிக அழகாக இருந்த ஆண்டை. வார்னிஷ் மின்னிய, பித்தளை பளபளத்த புத்தம்புது நாளை. இங்கேதான் நம் துளைகள் வருகின்றன.

சட்டம் பலகையான கதை

1890இல் லூசியானா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வெள்ளையருக்கும் கறுப்பின மக்களுக்கும் ரயிலில் சமமான, ஆனால் தனித்தனியான இடம் தர வேண்டும் என்றது. எப்படித் தருவது என்றும் சொன்னது: தனித்தனிப் பெட்டிகள் வைக்கலாம்; அல்லது ஒரே பெட்டியைத் தடுப்பு வைத்துப் பிரிக்கலாம். ஆக, சட்டப் புத்தகத்தில் இருந்த ஒரு வரி தச்சரின் கையில் பலகையாக மாறியது. அதே சட்டம் ஒரு விலக்கும் கொடுத்தது. பிற இனக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதிக்குச் சட்டம் பொருந்தாது. அதாவது, கறுப்பினப் பெண் பயணியாக வந்தால் தீட்டு. வெள்ளைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேலைக்காரியாக வந்தால் தீட்டு இல்லை. அடுப்படி வரைக்கும் வராதே, ஆனால் மாட்டுத் தொழுவத்தைக் கூட்டிவிட்டுப் போ என்று கேட்டுப் பழகிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அந்தச் சட்டத்தை எதிர்க்க நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு குடிமக்கள் குழு திட்டமிட்டது. 1892 ஜூன் 7ஆம் தேதி ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார், கைதானார். 1896 மே 18இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனித்தனியாக வைத்தாலும் சமம்தான் என்ற பொய் அன்றுமுதல் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த நாட்டின் சட்டமாக இருந்தது. பிளெஸ்ஸிக்கு மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2022 ஜனவரியில். 130 ஆண்டுகள் கழித்து. யார் யாரை மன்னிக்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

உணவுப் பெட்டியிலும் இதே கதை. 1942இல் எல்மர் ஹெண்டர்சன் என்ற கறுப்பின அரசு அலுவலருக்குச் சதர்ன் ரயில்வேயின் உணவுப் பெட்டியில் இடம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நிறுவனம் விதியைத் திருத்தியது. எப்படி? பத்து மேசைகள், நாற்பது இருக்கைகள் வெள்ளையருக்கு. ஒரு மேசை, நான்கு இருக்கைகள் கறுப்பினத்தவருக்கு. இடையில் ஒரு திரைச்சீலை. 1950இல்தான் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. துணி கிழிந்துபோகும். ஆனால் திரையைத் தாங்கிய கம்பியும் கொக்கியும் திருகும் சுவரில் தடம் விட்டுச் செல்லும்.

நகர்ந்த பலகை

இப்போது தலைப்பில் சொன்ன இரண்டு துளைகளுக்கு வருகிறேன். அவையும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சேர்ந்தவை. அந்நகரத்து டிராம்களில் ஒருகாலத்தில் கறுப்பினத்தவருக்கு நட்சத்திரக் குறி போட்ட தனி வண்டிகள் இருந்தன. 1867இல் மக்கள் போராடி அதை ஒழித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் எல்லோரும் ஒரே வண்டியில் போனார்கள். 1902இல் மாநிலச் சட்டம் பிரிவினையை மறுபடி கொண்டுவந்தது. ஒருமுறை ஒழித்த தீண்டாமை திரும்பவும் வராது என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

டிராமுக்குள் நிலையான தடுப்பு வசதிப்படவில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் கூட்டம் மாறும். அதனால் நகர்த்தக்கூடிய ஒரு பலகை செய்தார்கள். இது கறுப்பினப் பயணிகளுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கும். பலகையின் அடியில் இரண்டு முளைகள். இருக்கைகளின் முதுகுப் பலகையின் மேல் விளிம்பில் இரண்டு துளைகள். முளையைத் துளையில் செருகினால் அந்த இருக்கைக்குப் பின்னால் கறுப்பினத்தவர், முன்னால் வெள்ளையர். வெள்ளையர் கூட்டம் கூடினால் பலகையைப் பிடுங்கிப் பின்னிருக்கையில் செருகலாம். அப்போது அங்கே உட்கார்ந்திருப்பவர் எழுந்து பின்னால் போக வேண்டும். வேலை முடிந்து களைத்து உட்கார்ந்த ஒரு பெண் தன் இருக்கை தன்னுடையதா என்பதை அடுத்த நிறுத்தம்வரை அறிய முடியாது. 1958 மே 31இல் நீதிமன்ற ஆணையால் அந்தப் பலகைகள் போயின.

அந்நகரத்தில் ஓடிய 900 வரிசை டிராம்கள் 1923, 1924ஆம் ஆண்டுகளில் வட கரோலினாவின் பெர்லி தாமஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. மரச் சட்டமிட்ட இருக்கைகள், பித்தளைப் பிடிகள், வளைந்த கூரை. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. 1964இல் அந்நகரத்தின் கேனல் தெரு டிராம் நிறுத்தப்பட்டபோது சில வண்டிகள் வெளி மாநில அருங்காட்சியகங்களுக்குப் போயின. நான் முதலில் சொன்ன சீஷோர் அருங்காட்சியகத்தில் 966ஆம் எண் வண்டி இருக்கிறது. இன்னும் 35 வண்டிகள் செயின்ட் சார்ல்ஸ் தடத்துக்கென்று வைத்துக்கொள்ளப்பட்டன. அந்த வரிசை வண்டிகள் இன்றும் அங்கே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன.

ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டி செய்தது 1924இல். பிரிவினை இருந்தது 1902 முதல் 1958 வரை. ஆக, அந்த வண்டி மிக அழகாக இருந்த நாளும் பலகை செருகியிருந்த நாளும் ஒரே நாள்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கு அதைத் திருப்புகிறேன் என்று சொல்கிறவர், நேர்மையானவராக இருந்தால், அந்தப் பலகையையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும். வார்னிஷ் வேண்டும், பலகை வேண்டாம் என்றால் அவர் மீட்பது 1924ஐ அல்ல. எக்காலத்திலும் இல்லாத ஒரு 1924ஐ.

சனிக்கிழமை காலை ஒரு தன்னார்வலரின் மேசைமீது அப்படி ஓர் இருக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர். நிறவெறி இல்லாதவர். மேல் விளிம்பில் இரண்டு துளைகளைப் பார்க்கிறார். மரவேலையில் துளை ஒரு குறை. பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, வார்னிஷ் அடித்தால் ஐந்து நிமிட வேலை. யாருக்கும் தெரியாது. அவருக்கு எந்தத் தீய எண்ணமும் இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் ஐம்பத்தாறு ஆண்டுக்காலச் சாட்சியம் அழிந்துவிடும். வரலாற்றை அழிக்க வெறுப்பு தேவையில்லை தோழர்களே, சுத்தமாக வேலை செய்யும் ஆசை போதும்.

அவர் அடைக்காமல் விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு சிறு அட்டையில், இந்தத் துளைகள் எதற்கு என்று எழுதிவைத்தால் அதே இருக்கை ஒரு பாடப்புத்தகமாகும். பள்ளிப் பிள்ளை ஒன்று அந்தத் துளையில் விரலை விட்டுப் பார்க்கும். அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு விரிவுரை தேவையில்லை.

நீலக் கம்பளி

பிரித்து உட்காரவைத்தது ஒரு பக்கம். சேவகம் வாங்கியது இன்னொரு பக்கம். புல்மன் நிறுவனத்தின் படுக்கைப் பெட்டிகள் அருங்காட்சியகங்களில் பெரிதும் போற்றப்படுபவை. வேலைப்பாடு மிக்க மரம், மெத்தை, திரை, விளக்கு. அந்தப் படுக்கையை விரித்து, மடித்து, பயணிகளின் செருப்பைத் துடைத்தவர்கள் கறுப்பினப் பணியாளர்கள். தொடக்கக் காலத்தில் அவர்களில் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வந்தவர்கள். அவர்கள் பெயர் என்னவானாலும் பயணிகள் ஜார்ஜ் என்றே கூப்பிட்டார்கள். முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயர். அடிமையை எசமானின் பெயரால் அழைத்த பழக்கத்தின் தொடர்ச்சி. நம் பாட்டனாரை ஊர்ப் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லி, ஒருமையில் அழைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி நிறையப் படுக்கை இருந்தும் பணியாளருக்கு என்று படுக்கை கிடையாது. ஆண்கள் புகைபிடிக்கும் அறையின் சோபாவில் சில மணி நேரம் கண்ணயரலாம். போர்த்திக்கொள்ள நீல நிறக் கம்பளி. பயணிகளின் கம்பளி வேறு நிறம். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நிறத்தையே வேறாக வைத்தார்கள். இரட்டைக் குவளை நம் ஊரின் தனிக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். ஓடும் ரயிலில் இரட்டைக் கம்பளி இருந்திருக்கிறது.

அந்தப் பணியாளர்கள்தான் 1925 ஆகஸ்ட் 25இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937இல் புல்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். மாதம் நானூறு மணி நேரமாக இருந்த வேலை 240 மணி நேரமாகக் குறைந்தது. மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவரான ஈ. டி. நிக்சனும் புல்மன் பெட்டிப் பணியாளரே. இவ்வளவும் நடந்த பெட்டியை மீட்கும்போது விளக்கையும் மெத்தையையும் மட்டும் மீட்டால், தொழிலாளியை மறுபடியும் பெட்டியிலிருந்து இறக்கிவிடுகிறோம். இதை உணர்ந்துதான் 1995இல் சிகாகோவில் அந்தப் பணியாளர்களுக்கென்றே ராண்டால்ஃப் பெயரில் தனி அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது.

1200ஆம் எண் பெட்டி

நேர்மையாக மீட்டதற்கு ஓர் உதாரணம் வாஷிங்டனில் இருக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகம் 2016 செப்டம்பர் 24இல் திறக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 2013 நவம்பரில், சதர்ன் ரயில்வேயின் 1200ஆம் எண் பெட்டியைக் கிரேன் வைத்துத் தூக்கி, தோண்டிய பள்ளத்துக்குள் இறக்கினார்கள். கட்டடம் முடிந்தபின் அவ்வளவு பெரிய பெட்டியை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆகவே பெட்டியை வைத்துவிட்டு அதைச் சுற்றித்தான் கட்டடத்தை எழுப்பினார்கள்.

அந்தப் பெட்டியை எந்தக் காலத்துக்குத் திருப்பினார்கள்? அது பிரிக்கப்பட்டு ஓடிய காலத்துக்கு. தடுப்பு இருக்கிறது. வெள்ளையர் பகுதியில் மேலே சாமான் வைக்கும் தட்டு இருக்கிறது. கறுப்பினத்தவர் பகுதியில் இல்லை, மூட்டையைக் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய கழிப்பறை சிறியது. பார்க்க வருகிறவர்கள் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு நடந்து போகலாம். சமமான ஆனால் தனியான என்ற சொல்லுக்கு நீதிபதிகள் எத்தனையோ பக்கம் எழுதினார்கள். இல்லாத அந்தச் சாமான் தட்டு ஒன்றே அதைப் பொய்யாக்கிவிடுகிறது.

நம் பக்கம்

ரயில் என்றதும் நமக்கு அண்ணலின் நினைவு வராமல் போகாது. 1901இல், சிறுவன் பீமராவ் உடன்பிறந்தாரோடு அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டு மசூர் நிலையத்தில் இறங்கியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைக் கண்டு நிலைய அதிகாரி அன்பாக விசாரித்தார். மகர் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போனார். மாட்டுவண்டிக்காரன் இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு பிள்ளைகளையே வண்டியை ஓட்டவிட்டு, தீட்டுப் படாமல் பக்கத்தில் நடந்து வந்தான். வழியெங்கும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ரயில் வந்தால் சாதி ஒழிந்துவிடும் என்று அந்த நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். ரயில் ஓடியது, சாதி நடைமேடையில் இறங்கிக் காத்திருந்தது.

தமிழ்நாட்டு ரயில் நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரின் இயக்கம் தொடர்ந்து எதிர்த்தபின் 1941இல்தான் அது நீங்கியது. அந்தப் பெயர்ப்பலகை ஒன்றாவது இன்று எங்காவது பத்திரமாக இருக்கிறதா? டெல்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 1875ஆம் ஆண்டின் வேல்ஸ் இளவரசர் பெட்டி இருக்கிறது, 1899ஆம் ஆண்டின் மைசூர் மகாராசா பெட்டி இருக்கிறது. பார்க்க வேண்டியவைதாம். ஆனால் அடுத்தமுறை எந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் இன்னொன்றையும் தேடுங்கள். தண்டவாளத்தில் விழுந்த மலத்தைத் தலைமுறை தலைமுறையாக அள்ளியவர்களின் துடைப்பமும் வாளியும் அங்கே இருக்கின்றனவா? அவர்கள் இல்லாமல் ஒரு நாளாவது ரயில் ஓடியிருக்குமா?

இனி என் சொந்த ஊர்க் கதை. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையின் கூரை விளிம்பில் ஒரு மூங்கில் குழாய் செருகியிருக்கும். அதற்குள்தான் எங்களுக்கான குவளைகள். நாங்களே எடுத்து, குடித்து, கழுவி, அதிலேயே வைக்க வேண்டும். நான் கல்லூரியில் படிக்கும்போது கடையை இடித்துக் கான்கிரீட் போட்டார்கள். மூங்கில் குழாய் அடுப்புக்குப் போயிற்று. நான் அன்று மகிழ்ந்தேன். சென்ற ஆண்டு எங்கள் சேரிப் பிள்ளை ஒருவனே என்னிடம் கேட்டான்: அக்கா, அப்படியெல்லாம் நிஜமாவே இருந்துச்சா, இல்ல எழுத்துக்காகச் சொல்றீங்களா? என்னிடம் காட்ட எதுவும் இல்லை.

இழிவின் சின்னத்தை எதற்குக் காப்பாற்ற வேண்டும், எரித்துவிட வேண்டியதுதானே என்று நம்மவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. மகத்தில் 1927 டிசம்பர் 25இல் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. எரித்தது சரி. அதிகாரத்தில் உட்கார்ந்திருப்பதை எரிக்கத்தான் வேண்டும். ஆனால் அதிகாரத்திலிருந்து நாம் பிடுங்கியெடுத்ததைச் சாட்சிக் கூண்டில் நிறுத்த வேண்டும். அதையும் எரித்துவிட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்ல நாளை ஆட்கள் இருப்பார்கள். இன்றே இருக்கிறார்கள்.

அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் நம் பிரச்சினையை அறியாதவர்கள். அவர்களின் முறை நமக்கு உதவும். கழற்றுமுன் படம் எடு. ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டு. பழையதைப் பளபளப்பாக்காதே. நீ சேர்த்ததை மறைக்காதே. எந்த ஆண்டைக் காட்டுகிறாய் என்று சொல். துளையை அடைக்காதே.

இந்த மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து முடிக்கிறேன். இடிந்துகொண்டிருக்கும் சேரி வீடுகளில், மூடப்படும் பணிமனைகளில், பழைய கடைகளில் இன்னும் சில பொருள்கள் மிஞ்சியிருக்கின்றன. தனிக் குவளை, பறை, களத்தில் கூலி அளந்த மரக்கால், துப்புரவுப் பணியாளரின் பித்தளை வில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாம் நாலு பேர் போய் அவற்றைப் படம் எடுத்து, யார் பயன்படுத்தினார்கள், எங்கே வைத்திருந்தார்கள், யார் சொன்னார்கள் என்று எழுதிவைக்கலாம். பெரிய பணம் தேவையில்லை. அங்கே பத்துப் பேர் ஆளுக்கு நூறு டாலர் போட்டுத் தொடங்கினார்கள். முதல் பொருளாக ஐயாவின் இழைப்புளியைத் தர அவர் மகள் சம்மதித்திருக்கிறார். அதன் கைப்பிடியில் அவர் உள்ளங்கை பட்டுத் தேய்ந்த பள்ளம் இருக்கிறது. அதற்கு யாரும் வார்னிஷ் அடித்துவிடாதீர்கள்.